உறுதி எடுத்துத் தருவோம் என்கிற வேட்பாளர்களிடம்

2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். எங்கள் ஒழுங்கைக்கு வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர்கள் ஒருவரைத் தவிர எல்லோரும் ஒரே வாக்குறுதியைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "எங்களை வெல்ல வையுங்கள், உங்கள் பெர்மிட் காணிக்கு உறுதி எடுத்துத் தருகிறோம்." உறுதி என்றால் காணியின் உரிமைப் பத்திரம்; எங்களிடம் இருப்பது அரசாங்கம் தந்த அனுமதிப் பத்திரமான பெர்மிட் மட்டுமே. அவர்கள் போன பிறகு மதிலோரம் நின்று பேசுகிற பெண்களின் முகத்தில் தெரிகிற நம்பிக்கையைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த நம்பிக்கை நியாயமானது. அதைத் தேடி வருகிற இடம்தான் தவறானது.

பிரதேச சபைக்கு உறுதி கொடுக்கும் அதிகாரம் கிடையாது. எங்கள் காணி அரச காணி. பெர்மிட்டைக் கொடுப்பவர் பிரதேச செயலாளர். அதற்கு மேலே மாகாணக் காணி ஆணையாளர், அதற்கும் மேலே காணி ஆணையாளர் நாயகம். பெர்மிட்டுக்கு அடுத்த படியாக உரிமை தருகிற அளிப்புப் பத்திரம் வர வேண்டுமானால் ஜனாதிபதியின் கையொப்பம் வேண்டும். பெர்மிட் காணிகளுக்கு முழு உரிமை கொடுக்கவென்று 2024 இல் தொடங்கிய 'உறுமய' திட்டமும் மத்திய அரசின் திட்டமே. இந்த ஏணியில் பிரதேச சபை உறுப்பினருக்கு ஒரு படியும் இல்லை. நான் உபதபாலதிபராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். காணிக் கடிதங்கள் எங்கிருந்து புறப்பட்டு எந்தக் கந்தோருக்குப் போகின்றன என்பதைப் பதிவுத் தபால் புத்தகத்திலேயே பார்த்துப் பழகியிருக்கிறேன். பிரதேச சபையிலிருந்து உறுதி சம்பந்தமான ஒரு கடிதவுறையும் என் மேசைக்கு வந்ததில்லை.

அப்படியென்றால் இந்தத் தேர்தலால் எங்கள் வீட்டு விடயத்தில் ஒரு பயனும் இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கட்சிகளின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதப்போவதில்லை. மட்டக்களப்புக் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் எங்களைப் போன்ற குடியேற்றங்கள் பல இருக்கின்றன. எல்லாவற்றிலும் கதை ஏறக்குறைய இதுதான்.

முதலில் நாங்கள் இந்தக் காணிக்கு வந்த கதை. 2004 டிசம்பர் 26 வரைக்கும் நான் கடற்கரையோரம் என் அம்மாவின் வீட்டில் இருந்தேன். அம்மாவின் வீடு என்று சொல்வது பேச்சு வழக்குக்காக அல்ல. அந்த வீட்டின் உறுதி அம்மாவின் பெயரில் இருந்தது, அவருக்கு முன்னால் அம்மம்மாவின் பெயரில் இருந்தது, என் கலியாணத்தின்போது என் பெயருக்கு மாறியது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் பின்னால் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். பிறகு அந்தக் குடிலைச் சுவர் எழுப்பி வீடாக்கி அடுத்த மகளுக்குக் கொடுப்பார்கள். குலப் பிரிவான குடியிலும் தாய்வழி, வீட்டிலும் தாய்வழி. புருசன் குடித்தாலும் அடித்தாலும், இரவோடிரவாக நடுத்தெருவில் நிற்க வேண்டிய நிலை எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வராமல் காத்தது இந்த வழக்கம்தான்.

சுனாமியில் அம்மாவும் போனார், வீடும் போனது. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டக்கூடாது என்றார்கள். அந்தத் தூரத்தைப் பிற்காலத்தில் குறைத்தார்கள். அதற்குள் நாங்கள் களப்புப் பக்கமாகக் குடியேற்றப்பட்டுவிட்டோம். ஆளுக்கு 20 பேர்ச் காணி, 500 சதுர அடியில் ஒரு வீடு. அப்போது நிரப்பிய படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் ஆண்களின் பெயர் எழுதப்பட்டது. எங்கள் ஒழுங்கையில் கடற்கரையோரம் சொந்த வீடு வைத்திருந்த பெண்கள் எல்லோருக்கும் இதுதான் நடந்தது. இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டோம். கூட்டாக எழுத வழியில்லை என்று பதில் வந்தது. கடல் எடுத்தது கட்டடத்தை. பெண்ணின் பெயரை எடுத்தது அந்தக் கட்டம்.

பெர்மிட் என்றால் என்ன என்பதை ஒழுங்கையில் உள்ள இளம் பிள்ளைகளுக்காக எழுதிவிடுகிறேன். இது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. காணியில் குடியிருக்கலாம், மரம் வைக்கலாம். பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்கவோ, பெயர் மாற்றவோ, வங்கியில் ஈடு வைக்கவோ முடியாது. குறித்த அளவுக்குக் கீழே துண்டாக்கவும் முடியாது. தனக்குப் பிறகு யாருக்கு என்பதைப் 'பின்னுரித்தாளர்' என்று பதிந்து வைக்க வேண்டும். பதியாமல் கண்ணை மூடிவிட்டால் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கும். அந்த அட்டவணை நீண்ட காலமாக மகனை முன்னால் வைத்து மகளைப் பின்னால் நிறுத்தியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு சகோதரி தாய் தகப்பனைக் கடைசி மூச்சு வரைக்கும் பார்த்தவர். தகப்பன் யாரையும் பதியவில்லை. காணி கொழும்பிலிருக்கும் அண்ணனுக்குப் போனது. அந்தப் பிள்ளை இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார். 2022 இல் சட்டத்தைத் திருத்தி ஆண் பெண் வேறுபாட்டை நீக்கினார்கள். நல்ல காரியம். அவருக்கு அது பிந்திவிட்டது.

என் கணவர் பின்னுரித்தாளர் இடத்தில் மூத்த மகளைப் பதிந்துவிட்டார். அது சரி. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இளையவளுக்கு என்ன செய்வது? எங்கள் வழக்கப்படி வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை, ஒரு குசினி வைத்துக் கட்டினோம். நான் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமலாப நிதியும் மருமகன் கட்டாரிலிருந்து அனுப்பிய பணமும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. காணியைத் துண்டாக்க முடியாததால் அந்த வீடு எந்தக் கடதாசியிலும் இல்லை. கட்டட அனுமதி இல்லை, சபை வீடுகளுக்கு அறவிடும் சோலைவரிக்கான இலக்கம் இல்லை. தனி மின்மானிக்கு விண்ணப்பித்தால் முதலில் கேட்பது இலக்கத்தைத்தான். எங்கள் குடியேற்றத்தில் வளவுக்கு வளவு இப்படியொரு பின்வீடு இருக்கிறது. நான் தபால் பார்த்த காலத்தில் ஒரே இலக்கத்துக்கு மூன்று குடும்பங்களின் கடிதங்கள் வரும். ஆளைத் தெரிந்த தபால்காரர் இருக்கும் வரைக்கும் அது சேரும்.

வேட்பாளர்கள் பேச வேண்டிய இடம் இதுதான். கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பது பிரதேச சபை. சோலைவரி இடாப்பை வைத்திருப்பது பிரதேச சபை. பின்வீடுகளை எல்லாம் ஒருமுறை கணக்கெடுத்து, பிரதேச செயலகத்தோடு ஒரே மேசையில் இருந்து, எந்த நிபந்தனைக்கு உட்பட்டு இவற்றை இடாப்பில் சேர்க்கலாம் என்று பேசித் தீர்மானிக்கும்படி தூண்டுகிற கை ஒரு சபைக்கு உண்டு. உறுதி வருகிறதோ இல்லையோ, ஓர் இலக்கம் வந்தால் இளையவளின் வீடு இருக்கிறது என்று அரசாங்கத்தின் ஒரு புத்தகமாவது சொல்லும். உரிமைப் பத்திரம் ஆகாது என்பது தெரியும். இருந்தாலும் அடுத்த முறை வெள்ள நிவாரணம் பதிகிறபோது அவளுடைய குடும்பம் தனிக் குடும்பமாக நிற்கும்.

வந்த ஒவ்வொருவரிடமும் இதைத்தான் கேட்டேன். "பின்வீடுகளைச் சோலைவரி இடாப்பில் சேர்ப்பதற்கு என்ன செய்வீர்கள்?"

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற அதிபர். பெரியவர், என் அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர். கதிரையில் இருந்து அமைதியாகப் பேசினார். காணி அதிகாரம் 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்கு வந்திருக்க வேண்டும், அது முழுமையாக வரவில்லை, கிழக்கு மாகாண சபையே 2017 செப்டெம்பருக்குப் பிறகு இயங்கவில்லை என்று விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு வரியையும் நான் மறுக்க மாட்டேன். எங்கள் காணிப் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. "அண்ணன், அது பெரிய சபைக்குரிய விடயம். நீங்கள் போகப்போவது சின்ன சபைக்கு. அங்கே போய் எங்கள் ஒழுங்கைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். உண்மையாகவே யோசிப்பார் என்று நினைக்கிறேன். வீண்பேச்சுப் பேசுகிற மனிதர் அல்ல.

அடுத்தவர் ஒப்பந்தகாரர். ஒழுங்கை முழுவதற்கும் கொங்கிறீட் போட்டுத் தருவேன் என்றார். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் இதைக் கேட்டே மனம் மாறிவிடுகிறார்கள். 2024 நவம்பர் மழையில் மட்டக்களப்பு மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். பக்கத்து ஒழுங்கைக்கு அதற்கு முன்னரே கொங்கிறீட் போட்டிருந்தார்கள். பழைய கிறவலுக்கு மேலேயே போட்டதால் வீதி உயர்ந்து வளவுகள் தாழ்ந்துவிட்டன. வடிகான் இல்லை. முன்பு ஒழுங்கை வழியாக ஓடிக் களப்புக்குப் போன தண்ணீர், இந்த முறை படலையைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. முழங்காலளவு தண்ணீரில் கட்டில்களை ஏற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பாடசாலைக்குப் போனவர்கள் அந்த ஒழுங்கைக்காரர்கள்தான். வீதி போடுவதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அந்த ஒழுங்கையில் வயது போன ஒருவரிடம் கேட்டிருந்தாலே போதும். கேட்கவில்லை.

களப்போரத்து ஊருக்குத் திட்டமிடல் என்றால் முதலில் தண்ணீர்தான். மழை கூடினால் முகத்துவாரத்தை வெட்டிக் களப்புத் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது என்று விவசாயிக்கு ஒரு கருத்து, மீன்பிடிப்பவருக்கு இன்னொரு கருத்து. அது மாவட்ட மட்டத்தில் பேசித் தீர்க்கிற விடயம். ஆனால் முகத்துவாரத்தை வெட்டினாலும், எங்கள் வளவுத் தண்ணீர் களப்புவரைக்கும் போய்ச் சேர வழி வேண்டுமே! அந்த வழி பிரதேச சபையின் கையில் இருக்கிறது. மதகு, வடிகான், பள்ளக்காணியில் எழும்பும் கட்டடத்துக்கான அனுமதி எல்லாம் சபையின் மேசைக்கு வருகிறவை. எங்கள் குடியேற்றத்தின் தெற்கே மாரிகாலத்தில் தண்ணீர் தங்கும் பள்ளம் ஒன்று இருந்தது. இப்போது அதில் பாதியைக் கிறவல் கொட்டி நிரப்பி மதில் கட்டிவிட்டார்கள். வயலை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வயலாகப் பதியப்படாத பள்ளத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? கட்டட வரைபடம் வருகிறபோது "இது தண்ணீர் போகிற வழி" என்று சபையில் எழுந்து சொல்கிற ஓர் உறுப்பினர் வேண்டும்.

ஒப்பந்தகாரரிடம் வடிகானைப் பற்றிக் கேட்டேன். "அக்கா, முதலில் வீதி வரட்டும், வடிகானைப் பிறகு பார்ப்போம்" என்றார். என் வாக்கு அவருக்கு இல்லை.

மூன்றாமவர் துடிப்பான இளைஞர். முதலீடு, சுற்றுலா என்று பேசினார். எங்கள் குடியேற்றத்தின் வரைபடத்தில் பொதுத் தேவைக்கென்று ஒரு துண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அது களப்பைப் பார்த்த இடம். ஒரு மூலையில் பாலர் பாடசாலை இருக்கிறது, மற்றப் பகுதியில் பின்னேரங்களில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அந்த இடத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்து விடுதி கட்டினால் சபைக்கு வருமானமும் இளைஞர்களுக்கு வேலையும் வரும் என்பது அவருடைய யோசனை. நீண்டகாலக் குத்தகை என்றால் பொதுவாக 30 ஆண்டுகள். இன்று பாலர் பாடசாலைக்குப் போகிற பிள்ளை தன் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப் போகிற வயதில்தான் அந்தக் காணி ஊருக்குத் திரும்பும், திரும்பினால். "தம்பி, அந்த வேலையைத் தர வேறு இடம் பார். விளையாட வேறு இடம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை" என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் வாதாடவில்லை. வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், காட்டினேன். வாக்குக் கேட்டு வருகிறவர்களில் வரைபடத்தைக் கேட்டவர் அவர்தான். அதற்காக அவரை மதிக்கிறேன். அந்த யோசனையை மட்டும் கடைசிவரைக்கும் எதிர்ப்பேன்.

கடைசியாக வந்தவர் ஒரு சுயேச்சைக் குழுவின் பெண் வேட்பாளர். பெண்களுக்கு 25 வீதம் என்று 2016 இல் சட்டம் வந்ததால் எல்லோரும் பட்டியலில் பெண்களைப் போடுகிறார்கள். போட்ட பிறகு அந்தப் பெண்களை மேடையின் ஓரத்தில் இருத்திவிடுகிறார்கள். இந்தப் பிள்ளை அப்படி இல்லை. தனியாக வந்தார், கையில் கொப்பி இருந்தது. பின்வீடுகளைப் பற்றிச் சொன்னபோது எழுதிக்கொண்டார். அவருடைய தாய்க்கும் இதே நிலைமைதான் என்றார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில், சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறதாம். வீட்டுக்கு வந்த பிறகு நானும் எடுத்து வாசித்தேன். இருக்கிறது. இத்தனை காலமாக எங்களை அப்படி ஒரு குழுவுக்கு யாரும் கூப்பிட்டதில்லை.

"உறுதி வாங்கித் தருவேன் என்று நான் சொல்ல மாட்டேன் அக்கா. அது என் கையில் இல்லை. குடியேற்றக் கிராமங்களுக்கென்று ஒரு குழு வேண்டும் என்று முதலாவது கூட்டத்திலேயே கேட்பேன்" என்றார். இந்தத் தேர்தலில் நான் கேட்ட வாக்குறுதிகளில் மிகவும் சின்னது அதுதான். செய்யக்கூடியதும் அதுதான்.

"மகள், தோற்றாலும் அந்தக் கொப்பியை எறிந்துவிடாதே" என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த முறை விருப்பு வாக்கு இல்லை. வாக்குச் சீட்டில் கட்சிக்கு அல்லது குழுவுக்கு எதிரே ஒரு புள்ளடிதான். வட்டாரத்தில் வெல்பவர் ஒருவர். மீதி ஆசனங்கள் பட்டியலிலிருந்து வரும். ஆகவே ஒரு நல்ல மனிதரைப் பார்த்துப் போடுகிற புள்ளடி, அவருடைய பட்டியலில் உள்ள வேறொருவரையும் சபைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பட்டியல் முழுவதையும் வாசித்துவிட்டுப் போங்கள். 2018 க்குப் பிறகு இப்போதுதான் தேர்தல் வருகிறது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் பணம் இல்லை என்று தள்ளிப்போனது. அன்றிலிருந்து கேள்வி கேட்க எங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. நவம்பர் வெள்ளத்தின்போது அந்தக் குறையை நன்றாக உணர்ந்தோம்.

யார் வென்றாலும் நான் செய்யப்போகிற ஒரு காரியம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டிருப்பவை மூன்று: எங்கள் குடியேற்றத்தில் சோலைவரி இடாப்பில் உள்ள வீடுகளின் எண்ணிக்கை, வர்த்தமானியில் சபையின் வீதிகளாக அறிவிக்கப்பட்ட ஒழுங்கைகளின் பட்டியல், பொதுத் துண்டைப் பற்றி இதுவரை நடந்த கடிதப் போக்குவரத்து. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வேறு ஊர்களில் இருப்பவர்கள் அதே கேள்விகளைத் தங்கள் சபையிடம் கேட்க விரும்பினால் எழுதுங்கள், படிவத்தின் பிரதியை அனுப்புகிறேன்.

வருகிற ஞாயிறு பின்னேரம் பாலர் பாடசாலையில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம். நான்கு வேட்பாளர்களுக்கும் அழைப்புக் கொடுத்திருக்கிறோம். வருகிறவர்கள் பெர்மிட்டின் பிரதியையும், சோலைவரிப் பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். பின்வீட்டில் இருக்கிற பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். பின்னுரித்தாளரை இன்னும் பதியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தர நானும் இன்னும் இரண்டு பேரும் கூட்டத்துக்கு முன்பே அங்கே இருப்போம்.